அத்தியாயம் 4: முதல் மனையும் முப்பது வருட வில்லங்கமும்

மனை வாங்க நினைக்கும் புதியவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த ஏரியாவில் வாங்கலாம்?" என்பதுதான். அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, விற்க வந்திருப்பவருக்கு அந்த மண்ணை விற்கும் உரிமை இருக்கிறதா என்பது. அடுத்தது, நம் பணம் ஐந்தாறு வருடம் மண்ணிலேயே கிடந்தாலும் வீட்டில் குறையில்லாமல் அடுப்பெரியுமா என்பது. இந்த இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால், ஏரியா தேர்வில் கொஞ்சம் பிசகினாலும் காலம் சரிசெய்துவிடும். முதல் கேள்வியில் பிசகியவருக்கு நல்ல ஏரியாவே எதிரியாகிவிடும். விலை ஏற ஏற, அதில் தனக்கும் பங்குண்டு என்று வருபவர்களும் கூடுவார்கள்.

இதைப் படித்துப் பயந்து பின்வாங்க வேண்டாம். முன்னெப்போதையும்விட இன்று புதியவருக்கு வசதி அதிகம். முன்பு ஒரு சொத்தின் மீதான பத்திரப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றுக்கு சார்பதிவாளர் அலுவலக வாசலில் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று பதிவுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமல் பார்த்துவிடலாம். பட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் எல்லாம் வருவாய்த்துறையின் தளத்தில் இருக்கின்றன. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. நம் பத்திரங்கள் பெரும்பாலும் தமிழில்தான் எழுதப்படுகின்றன. பொறுமையாகப் படிக்கத் தெரிந்த யாருக்கும் அவை பிடிபடும். மாதச் சம்பளக்காரர், தையல் கடை நடத்துபவர், வெளிநாட்டில் வேலை பார்த்து ஊருக்குப் பணம் அனுப்புபவர் என எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது.

கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

விளம்பரத்தில் இருப்பது மனையின் விலை மட்டுமே. ஊருக்கு வெளியே 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு, சதுர அடி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை 24 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதத்துக்கு 2 லட்சத்து 16 ஆயிரம். அரசின் வழிகாட்டி மதிப்பு நீங்கள் பேசிய விலையைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்பின் மீதுதான் கணக்கு. 2024 ஜூலை முதல் வழிகாட்டி மதிப்புகள் மாறியிருக்கின்றன. எனவே பக்கத்து மனைக்காரர் சில வருடங்களுக்கு முன் கட்டிய தொகையை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 2025 ஏப்ரல் முதல் இந்தச் சலுகை உண்டு. வக்கீல், சர்வேயர், தரகு, வேலி எல்லாம் சேர்த்தால் நம் 24 லட்ச மனை கைக்கு வரும்போது ஏறத்தாழ இருபத்தாறரை லட்சம் ஆகியிருக்கும்.

இனி அடுத்த கணக்கு. அதே இருபத்தாறரை லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்கு ஐந்து வருடம் வைப்பு நிதியாகப் போட்டிருந்தால் 37 லட்சத்தைத் தாண்டும். காலி மனைக்கு வாடகை கிடையாது. ஆகவே ஐந்து வருடத்தில் அந்த மனை சதுர அடி 3,100 ரூபாய்க்கு விற்றால்தான் வைப்பு நிதியைத் தொட்டதாகும். அந்த இடத்தில் அப்படி ஏற என்ன காரணம் இருக்கிறது? பக்கத்தில் குடும்பங்கள் குடியேறுகின்றனவா, பள்ளிக்கூடம், பேருந்து, குடிநீர் வந்திருக்கின்றனவா? உதாரணத்துக்கு, சென்னையை அடுத்த கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. அது கண்ணுக்குத் தெரியும் காரணம். 'வரப்போகிறது' என்ற சொல்லுக்கு விலை கொடுக்கும்போது மட்டும் இரண்டு முறை யோசியுங்கள். அறிவிப்புக்கும் திறப்பு விழாவுக்கும் நடுவில் பத்து வருடமும் ஓடும். அந்தத் திட்டத்துக்கே உங்கள் மனை கையகப்படுத்தப்படும் வாய்ப்பும் உண்டு.

வாடகைக்காக அடுக்குமாடி வீடு வாங்க நினைப்பவர்களும் இப்படியே கணக்குப் போட வேண்டும். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு மாதம் 16,000 வாடகை வந்தால் வருடத்துக்கு 1 லட்சத்து 92 ஆயிரம், அதாவது 3.2 சதவீதம். சொத்து வரி, பராமரிப்பு, ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடப்பது எல்லாம் போக மிச்சம் இன்னும் குறையும். இதற்கு 45 லட்சம் கடன் வாங்கினால், எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 39,000. வாடகை கடனை அடைக்காது. மாதம் 23,000 உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். அது தெரிந்தே, தாங்க முடிந்தே வாங்கினால் தவறில்லை. அடுக்குமாடி நிற்கும் நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்பதையும் கேளுங்கள். கட்டடம் பழசானாலும் விலையைத் தாங்கி நிற்பது அந்த மண்தான்.

ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனியாக எடுத்து வைக்காமல் மனைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்து, தனிநபர் கடனும் வாங்கி மனை வாங்கியவர்கள் முதல் நெருக்கடியிலேயே கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். மனையில் லாபம் பார்ப்பவர் பெரும்பாலும் காத்திருக்க முடிந்தவர்தான்.

அவ்வளவு தொகை இல்லாதவர்கள் 'மாதம் 2,000 கட்டுங்கள், மனை உங்களுக்கு' என்ற திட்டங்களில் சேர வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பி.ஏ.சி.எல். நிறுவனம் விவசாய நிலம் தருவதாகச் சொல்லி நாடு முழுவதும் 5 கோடிக்கும் அதிகமானவர்களிடம் பணம் திரட்டியது. 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தரும்படி 2014இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி உத்தரவிட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்து நிலங்களை விற்றுப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. கட்டியவர்களில் பலர் தம் நிலம் எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. சிறு தொகையில் தொடங்க விரும்புபவர்களுக்குப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ரீட் அலகுகள் இருக்கின்றன. இந்தியாவில் முதலாவது 2019இல் வந்தது. அலுவலகக் கட்டடங்களின், வணிக வளாகங்களின் வாடகையில் பங்கு அது. ஓர் அலகு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். விலை ஏறி இறங்கும் என்றாலும் நினைத்த நாளில் விற்கலாம். மனைக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் வருடங்களில் இதில் கொஞ்சம் போட்டு, வாடகை வருமானம் எப்படி நடக்கிறது என்று பார்த்துப் பழகலாம்.

வில்லங்கம் போட்டுப் பார்ப்பது

'முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள்' என்று எல்லோரும் சொல்வார்கள். போட்டுப் பார்க்கிறார்கள், படித்துப் பார்ப்பதுதான் குறைவு. ஒரு கற்பனை மனையை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் படிப்போம்.

1986: ஒருவர் 1 ஏக்கர் 20 சென்ட் புஞ்சை நிலத்தைக் கிரயம் வாங்குகிறார். 2004: அவருடைய இரண்டு மகன்கள் ஆளுக்கு 60 சென்ட் என்று பாகப்பிரிவினை செய்துகொள்கிறார்கள். 2012: மூத்தவர் தன் 60 சென்டுக்கு ஒரு மனை வணிகருக்குப் பவர் எழுதித் தருகிறார். 2013: அந்தப் பவர் ஏஜென்ட் 7ஆம் எண் மனையை ஒருவருக்குக் கிரயம் செய்கிறார். 2019: வாங்கியவர் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் பெற்றதாக ஒரு பதிவு. இன்று அவர் நம்மிடம் விற்க வருகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் சங்கிலி அறுபடவில்லை.

இப்போது நிதானமாகப் பாருங்கள். இன்றிலிருந்து முப்பது வருடம் பின்னால் போனால் 1990களில் நின்றுவிடுவோம். 1986ஆம் வருடத்துக் கிரயமே கண்ணில் படாது. அதனால் முப்பது என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளாமல், 1975 முதல் பார்த்துவிடுங்கள்; பெரும்பாலான அலுவலகங்களுக்கு அதுவரை இணையத்தில் கிடைக்கிறது. சர்வே எண் 112/3 பின்னாளில் 112/3ஏ1 என்று உட்பிரிவாகியிருந்தால் இரண்டு எண்களையும் போட்டுத் தேட வேண்டும். 1980களின் யு.டி.ஆர். நில அளவையில் சர்வே எண்ணே மாறிய கிராமங்களும் உண்டு. அங்கே பழைய எண், புதிய எண் இரண்டுமே தேவை. கிராமம் இடையில் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்தின் பதிவுகளையும் பார்க்க வேண்டும்.

அடுத்து 2004. தந்தை எப்போது இறந்தார்? 1999இல் உயில் எழுதாமல் இறந்தார் என்று வாரிசுச் சான்று சொல்கிறது; அதில் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று நான்கு பேர். அவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய நிலம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நான்கு பேருக்கும் சம பங்கு. பாகப்பிரிவினையில் கையெழுத்திட்டவர்களோ இருவர். தாயும் மகளும் எங்கே? அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அது வில்லங்கத்தில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் 7ஆம் எண் மனையிலும் அவர்களுடைய உரிமை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'அக்காவுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க' என்று விற்பவர் சொல்வார். அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. அந்த அக்காவைப் பொறுத்தவரை அது நியாயமும் இல்லை. அவர் வந்து கையெழுத்திட்டால் வாங்குங்கள். தமிழ்நாட்டுச் சொத்து வழக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, இப்படிப் பத்திரத்தில் விடுபட்டுப்போன ஒரு பெண்ணின் பெயர்.

பிறகு 2012ஆம் வருடத்துப் பவர். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவர் அன்றோடு முடிந்தது. 2013 கிரயத்தின்போது மூத்தவர் உயிரோடு இருந்தாரா, பவரை இடையில் ரத்து செய்தாரா என்று பாருங்கள். பவரையே விற்பனைப் பத்திரம்போலக் கைமாற்றி, 'பவர் வாங்கினாலே சொந்தம்தான்' என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அப்படிச் சொத்துரிமை மாறாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கடைசியாக 2019. கடன் அடைந்திருந்தால் வங்கி ரசீதுப் பத்திரம் பதிந்து கொடுத்திருக்கும். அது இல்லையென்றால் அசல் பத்திரம் இன்னும் வங்கியின் பெட்டகத்தில்தான் இருக்கும். ஜெராக்ஸைக் காட்டி, 'அசல் வீட்டில் இருக்கு' என்பவரிடம் அசலைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இந்த ஐந்து வரிகளில் எத்தனை கேள்வி பிறந்தது பாருங்கள். இதைப் பழக ஒரு வழி இருக்கிறது. உங்கள் பூர்வீக வீட்டுக்கோ, மாமா வீட்டு நிலத்துக்கோ வில்லங்கம் போடுங்கள். பட்டாவையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பக் கதை உங்களுக்கே தெரியும் என்பதால் காகிதம் என்ன சொல்கிறது, எதை விடுகிறது என்று சட்டென்று புரியும். இரண்டு மூன்று சொத்துக்கு இப்படிப் படித்தபின் புரோக்கர் காட்டும் கோப்பு மிரட்டாது.

வில்லங்கத்தில் வராதவையும் உண்டு. பதிவாகாத உயில், வாய்ப்பேச்சில் நடந்த பங்கீடு, நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகியவை அதில் தெரியாமல் போகலாம். அவற்றைத் தோண்டி எடுக்கத்தான் வக்கீல். விற்பவர் சொல்லும் வக்கீல் வேண்டாம். உங்கள் பணத்தில், உங்களுக்காகப் பார்ப்பவராக இருக்கட்டும். பட்டாவை மட்டும் வைத்துச் சொத்துரிமை முடிவாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். பத்திரமும் பட்டாவும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் புறம்போக்கு, வாய்க்கால், கோயில் நிலம் என்றெல்லாம் இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். 1892இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடக் கூடாது. பட்டியல் சமூகத்தார் அல்லாதவர் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது. செல்லுமென்றே இருந்தாலும் அது அவர்களுடைய மண்.

அப்ரூவல்

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பெயரில் பல காலம் மனைகள் விற்கப்பட்டன. மனைப்பிரிவுக்கு அனுமதி தர வேண்டியது சென்னைப் பெருநகரில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் டி.டி.சி.பி. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்கு வழி திறந்தன. பழைய மனை என்றால் வரன்முறை ஆணையின் நகலைக் கேளுங்கள். புதிய மனைப்பிரிவு என்றால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை நோட்டீஸில் பார்த்து நிறுத்திக்கொள்ளாமல் ஆணையத்தின் தளத்தில் போட்டு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை எடுங்கள். உங்களுக்குக் காட்டிய மனை எண், அளவு, சாலை அகலம் அதில் உள்ளபடி இருக்கிறதா? பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தையே மனையாக்கி விற்பதும் நடக்கிறது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மழையில் ஒருமுறை

காகிதம் தேறிய பிறகு இடத்துக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை, விற்பவர் அனுப்பும் காரில், சாப்பாட்டோடு போவது இடம் பார்ப்பதில் சேராது. தனியாக, பேருந்தில் போனால் தூரம் தெரியும். நவம்பரில், வடகிழக்குப் பருவமழை கொட்டி ஓய்ந்த மறுநாள் போனால் நீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது அங்கே புதிதாகக் குடிவந்தவர்களுக்குத்தான் அது அதிர்ச்சி. அந்த மண்ணில் முன்பு உழுதவர்களுக்குத் தண்ணீரின் வழி தெரியும். மனைக்கு அருகில் ஆடு மேய்ப்பவரிடமும் டீக்கடைக்காரரிடமும் பேசுங்கள். இந்த நிலம் முன்பு யாருடையது, தகராறு ஏதும் உண்டா, மழைக்குத் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று கேளுங்கள். பதிவேட்டில் இல்லாத பல செய்திகள் அவர்களிடம் இருக்கும். சர்வேயரை வைத்து அளந்து, நான்கு எல்லைகளும் பத்திரத்தின் செக்குபந்தியோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கு ஆகும் செலவு மனை விலையில் தூசு.

அட்வான்ஸும் பதிவும்

'நாளைக்கு வேறு பார்ட்டி வருது' என்ற வார்த்தையைக் கேட்டதும் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ரெராவில் பதிந்த திட்டங்களில், ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. தனிநபரிடம் வாங்கும்போதும் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். பணம் வங்கி வழியாகவே போகட்டும். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவது வருமான வரிச் சட்டப்படி அபராதத்துக்கு உரியது. விலையைக் குறைத்துப் பத்திரம் போடலாம் என்பார்கள். சம்மதித்தால், நாளை கிரயம் செல்லாமல் போகும்போது பத்திரத்தில் உள்ள தொகையைத்தான் நீங்கள் திரும்பக் கேட்க முடியும். நீங்கள் விற்கும்போதும் வாங்கிய விலை குறைவாகத் தெரிந்து லாப வரி கூடும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தைப் பிடித்து விற்பவர் பெயரில் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு.

விசாரித்துப் பார்த்த பத்து இடங்களில் ஒன்பது கழிந்துபோகும். சலிப்பாக இருக்கும்; வீட்டில்கூட 'இவர் எங்கே வாங்கப் போறார்' என்பார்கள். கழித்த ஒவ்வொன்றும் உங்கள் சேமிப்பைக் காப்பாற்றியது என்று நம்பித் தொடருங்கள். தமிழ்நாட்டில் விற்பனைக்கு மனை இல்லாத நாள் கிடையாது.

பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். பட்டா உங்கள் பெயருக்கு மாறும்வரை பின்தொடருங்கள். உட்பிரிவு தேவைப்பட்டால் நில அளவர் வந்து அளக்க வேண்டியிருக்கும். எல்லைக்கல் நட்டு, கம்பி வேலி போட்டு, காலிமனை வரியைக் கட்டி ரசீதைப் பத்திரத்தோடு வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை உங்கள் மனைக்கே வில்லங்கம் போட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதாத பத்திரம் எதுவும் அதில் ஏறியிருக்கக் கூடாது. வேறொருவர் வெளிப்படையாக, எதிர்ப்பின்றிப் பன்னிரண்டு வருடம் அனுபவித்துவிட்டால் நிலத்தை மீட்கும் உரிமையையே இழக்க நேரும். ஆகவே வருடத்துக்கு இரண்டு முறையாவது நேரில் போய், முள்ளையும் புதரையும் வெட்டி, வேலியோடு தேதி தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்து வாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த வேலையை நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம், மனை வாங்கும் முன்பே பேசி ஒப்படைத்துவிடுங்கள்.